மூலை மேசையில் பேசியது

சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றுதான் ரிமோட்டை எடுத்தார் தில்லைநாயகம். வேறு எந்தத் துர்ப்புத்தியும் இல்லை. மகள் சிந்துஜாவின் கல்யாண வீடியோ காலையில்தான் பென் டிரைவில் வந்து சேர்ந்திருந்தது, சாயங்காலம் புதுக்கோட்டையிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வருகிறார்கள், இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து போண்டாவைக் கடித்துக்கொண்டு பார்ப்பதாக ஏற்பாடு, போகும்போது பென் டிரைவை அவர்களிடமே கொடுத்தனுப்புவதாகப் பேச்சு, அதற்குள் ஒருதரம் தாமே ஓட்டிப் பார்த்துவிடுவோம், நம்ம பக்கத்து ஆள் எவனாவது வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டோ காதைக் குடைந்துகொண்டோ படத்தில் விழுந்திருந்தால் அந்த இடம் வரும்போது சூடா இன்னொண்ணு வைக்கட்டுமா சம்பந்தி என்று பேச்சைத் திருப்பிவிடலாம் என்கிற முன்யோசனைதான். ஆனால் கண்ணாடி போடாமல் அழுத்தினதில் விரல் எந்தப் பொத்தானில் விழுந்ததோ, தவிலும் நாதசுரமும் சட்டென்று அறுந்துபோயின. திரையில் ஐயர் வாயை மட்டும் அசைத்தார். எங்கிருந்தோ ஓர் ஆண்குரல், நிதானமாக, "ஒண்ணு, பொண்ணு கையிலயே இரு. ரெண்டு, அந்த ஊதாப் புடவையை விடு, அது தூங்குது. மூணு, நீ எங்க பாத்துட்டு இருக்க?" என்றது. தில்லைநாயகத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஊதாப் புடவை அவருடைய சொந்த அக்கா. அந்தக் குரல் வீடியோக்கார ரிச்சர்டுடையது, மண்டபத்து மூலையில் ஒரு மேசை போட்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாய்க்கு முன்னால் குச்சி மாதிரி மைக்கை வைத்துக்கொண்டு மூன்று கேமராக்காரர்களையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தானே, அவன். கேமராக்காரர்களோடு பேசிய பேச்செல்லாம் எப்படியோ இதில் ஏறியிருக்கிறது, பாட்டு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், பொத்தானை அழுத்தினால் அது, மறுபடி அழுத்தினால் இது. நல்ல கூத்து என்று நினைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். அப்போதுதான் கேட்டது, மேசையில் டம்ளர் வைக்கிற சத்தமும், அதற்குப் பிறகு அவருடைய குரலும். "தம்பி, சூடா காபி கொண்டாந்திருக்கேன், குடிச்சிட்டு வேலை பாருங்க."

நீட்டின கால் தானாக மடங்கிக்கொண்டது. அவர் குரல் சாதாரணக் குரல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர், மைக் கெட்டுப்போன நாளெல்லாம் வெறும் தொண்டையாலேயே துறையூர் வண்டியை எடுக்கவைத்தவர், ஊரில் யாருக்கும் அது இன்னார் குரல் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குரல் இப்போது, பக்கத்தில் யாருமில்லை என்ற நிம்மதியில், கொட்ட ஆரம்பித்தது. மண்டபத்தில் சொந்தக்காரர் காது இல்லாத ஒரே இடம் அந்த மூலைதானே. மேடைக்குப் போனால் மாமன்மார், பந்திக்குப் போனால் பங்காளிகள், வாசலுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டார், எங்கே நின்றாலும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும், பெண்ணைப் பெற்றவனுக்குக் கன்னம் வலித்துப்போய்விடுகிறது. காபி கொடுக்கிற சாக்கில் அங்கே போய் இரண்டு வார்த்தை பேசினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்குத் தோன்றியது. வாயில் சனி உட்காரும்போது இப்படித்தான் நியாயமாகத் தோன்றும். "அந்தம்மா இருக்காங்களே, மாப்பிள்ளையோட அம்மா, வாயைத் திறந்தா குறைதான் தம்பி. நேத்து மாப்பிள்ளை அழைப்புல ஆரம்பிச்சாங்க" என்று சொல்லிவிட்டு, அதோடு விட்டாரா, மூக்கால் பேசி நடித்துக் காட்டினார். "காபி கொஞ்சம் தண்ணியா இருக்கோ. மாலை கொஞ்சம் வாடியிருக்கோ. ஏசி கொஞ்சம் குளிருதோ." அச்சு அசலாக இருந்தது. ரிச்சர்டு சிரித்தான், கேமராக்காரன் ஒருவன் சிரிப்பில் ஆட்டியதோ என்னவோ திரையில் மாப்பிள்ளை ஒரு தரம் குலுங்கினார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் இடைவெளிக்குப் பிறகு, நடிப்பில்லாத குரலில், அவரே சொல்வது கேட்டது. "இந்தம்மாகிட்ட என் பொண்ணு எப்படிக் காலந்தள்ளப் போறாளோ. தெரியாத்தனமா குடுத்துட்டேன் தம்பி." ரிமோட்டில் எது கைக்கு வந்ததோ அதை அழுத்தி டிவியையே அணைத்தார்.

"என்னங்க, படம் நின்னுபோச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி மங்கையர்க்கரசி கேட்டாள். "இல்ல மங்கை, கண்ணு வலிக்குது, அப்புறம் பாக்கலாம்." கண்ணா வலிக்கிறது. தெரியாத்தனமா குடுத்துட்டேன். அந்த வார்த்தையை எப்படிச் சொல்ல வந்தது நாக்குக்கு, யாரும் அவரை ஏமாற்றவில்லை, பையன் தங்கமான பையன், சம்பந்தி குஞ்சிதபாதம் அதிர்ந்து பேசாத மனுஷன், அந்தம்மாவும்கூட என்ன செய்துவிட்டார்கள், காபி தண்ணியாகத்தான் இருந்தது, அவரே சமையல்காரரிடம் போய்ச் சத்தம் போட்டார், மாலையும் வாடித்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னவள் குறைக்காரி, அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் போய் மூக்கால் பேசினவன் யோக்கியன். சரி, அதையெல்லாம் பிறகு பார்க்கலாம், இப்போது சாயங்காலம் இருக்கிறது. குஞ்சிதபாதத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ரிமோட் கையில் கிடைத்தால் சும்மா வைத்திருக்கமாட்டார், நிச்சயதார்த்தத்தன்று அவர்கள் வீட்டுக்குப் போனபோது பேசிக்கொண்டே படத்தை அகலமாக்கினார், ஒடுக்கினார், எழுத்தை வரவழைத்தார், போகவைத்தார், எல்லாப் பொத்தானையும் விசாரிக்கிற மனுஷன். இங்கே தப்பினாலும் அங்கே தப்பாது. பென் டிரைவ் அவர்கள் வீட்டு டிவியில் என்றைக்கும் செருகியே இருக்கும், சொந்தக்காரர்கள் வரவர ஓடும், ஒருநாள் பொத்தான் மாறும், மூக்கால் பேசுகிற டைம் கீப்பர் கூடத்தின் நடுவில் நிற்பார். அந்தக் கூடத்தில் சிந்துஜா நின்றுகொண்டிருப்பாள். பெண்ணும் மாப்பிள்ளையும் இப்போது ஊட்டியில் இருக்கிறார்கள், திரும்பினால் நேரே புதுக்கோட்டையில்தான் குடித்தனம், மாமியாரோடு ஒரே அடுப்பு. அவள் கையில் டிபன் தட்டோ தண்ணீர்ச் செம்போ இருக்கும், அப்பாவின் குரல் கேட்கும், மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் பயம், வாய்விட்டுத் திட்டிவிட்டால்கூடத் தேவலை, ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவார்கள், அன்றிலிருந்து அந்த வீட்டில் காபி எப்படியிருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ரிச்சர்டுக்குப் போன் போட்டார், வாசல் கிரில்லுக்கு வெளியே போய், குரலைத் தாழ்த்தி, அதாவது அவருக்கு எவ்வளவு தாழுமோ அவ்வளவு. அவன் காரைக்குடியில் வேறொரு கல்யாணத்தில் இருந்தான், பின்னால் மேளம் கேட்டது. "ஐயையோ, அதுவா சார்? அது டாக்பேக், கேமராமேன்கூடப் பேசுற மைக். தனி ட்ராக்ல ஏறும், எப்பவும் எடுத்துட்டுத்தான் குடுப்போம். இந்தத் தடவை விட்டுப்போச்சு. சாரி சார்." யாராவது முழுசாகக் கேட்டீர்களா என்று மெதுவாக விசாரித்தார். "யாருக்கு சார் நேரம்? டெலிவரி குடுத்ததும் எல்லாத்தையும் அழிச்சாச்சு, அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேணுமே. இப்ப உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான்." அதைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது. வந்து எடுத்துத் தரமுடியுமா என்றால் ராத்திரிதான் வருவானாம். "நீங்களே எடுத்துடலாம் சார். ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, லிங்க் அனுப்புறேன். வீடியோவை அதுல போட்டா உள்ள என்னென்ன இருக்குன்னு வரிசையா காட்டும். பக்கத்துல டிக் இருக்கும். அதைப் பாத்துப் பண்ணிட்டு ஸ்டார்ட் குடுங்க, அவ்வளவுதான். படத்துக்கு ஒண்ணும் ஆகாது, புதுசா எதுவும் செய்யாது, பாத்திரம் மாத்துற மாதிரிதான்." சொல்லும்போதே மேளம் கெட்டிமேளமாகிவிட்டது, அவன் வைத்துவிட்டான். ஃப்ரீ என்று ஒருத்தன் சொன்னால் தில்லைநாயகத்துக்கு எப்போதுமே சந்தேகம், யாரோ முகம் தெரியாதவன் ராப்பகலாக உட்கார்ந்து எழுதி இந்தா எடுத்துக்கோ என்று உலகத்துக்குக் கொடுக்கிறான் என்றால் அவன் பெண்டாட்டி என்ன சொல்வாள், எதற்காகக் கொடுக்கிறான், இதிலேயும் எங்கேயாவது ஒரு மைக் திறந்திருக்குமோ. ஆனால் ஆராய்ச்சி செய்கிற நேரம் இதுவல்ல.

அலமாரியில் சிந்துஜாவின் பழைய லேப்டாப் இருந்தது, ஆபீஸில் புதிது கொடுத்ததும் அப்பாவுக்கு என்று விட்டுப்போனது, பேட்டரி செத்துவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் அப்படியே கண்ணை மூடிக்கொள்ளும். திறந்ததும் அவளும் அவளுடைய தோழிகளும் எங்கோ மலைமேல் தலைமுடி பறக்க நின்றார்கள். அந்தப் படத்தை அவர் மாற்றவில்லை. கரண்டு போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு பென் டிரைவைச் செருகினார், ரிச்சர்டு அனுப்பினதைத் தரவிறக்கினார், அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றார், வீடியோவை லேப்டாப்புக்குள் இழுத்துப்போட்டார், அது ஊர்ந்து வந்தது. "ஏங்க, தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா?" "எதுவோ ஒண்ணு செய்யேன்." "அந்தம்மாவுக்குத் தேங்காய் ஆகாதுன்னு சிந்து சொன்னாளே." "அப்பத் தக்காளி." அந்தம்மாவுக்குத் தேங்காய் ஆகாது, ஏசி ஆகாது, இந்த வீடியோ மட்டும் காதில் விழுந்தால் எல்லாமே ஆகாமல் போகும். சிந்துஜாவின் ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். சாஃப்ட்வேர் சாதுவாகத்தான் இருந்தது, பளபளப்பு ஒன்றும் இல்லை. வீடியோவைப் போட்டதும் ரிச்சர்டு சொன்னபடியே வரிசையாக மூன்று வரி வந்தது, மேலே படம், அதற்குக் கீழே ஓர் ஆடியோ, அதற்கும் கீழே இன்னோர் ஆடியோ, மூன்றுக்கும் பக்கத்தில் டிக். முதல் ஆடியோ நாதசுரம், இரண்டாவது நம்ம வண்டவாளம், அதில் சந்தேகமில்லை. அப்புறம் அவர் செய்ததற்கு முப்பத்துச் சொச்சம் வருஷச் சர்வீஸ்தான் காரணம். டைம் கீப்பருக்கு டிக் என்றால் போயாச்சு என்று அர்த்தம். கிளம்பின வண்டிக்கு டிக், நிற்கிற வண்டிக்கு வெறும் கட்டம். போகவேண்டியது எது, இரண்டாவது ஆடியோ. அதில் டிக் இருக்கட்டும். இருக்கவேண்டியவை படமும் நாதசுரமும், அவற்றின் டிக்கை எடுத்தார். கணக்கு சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றி ஒருதரம் பார்த்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினார். பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஓடி முடிந்தது, என்ன வேகம், ஃப்ரீயாகக் கொடுத்த புண்ணியவானே நீ நல்லா இரு என்று வாழ்த்திக்கொண்டே புது ஃபைலைத் திறந்தார்.

ஒரே இருட்டு. படமும் இல்லை, மேளமும் இல்லை, கல்யாணமே இல்லை. இருட்டுக்குள்ளிருந்து ரிச்சர்டு மட்டும் "ரெண்டு, மெதுவா வா" என்றான். தில்லைநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எல்லாம் போச்சு, மகள் கல்யாணத்தையே அழித்துவிட்டேன், எதை அழிக்க உட்கார்ந்தேனோ அது ஒன்று மட்டும் மிச்சம், வருகிறவர்களுக்கு என்ன போட்டுக் காட்டுவேன், இந்த இருட்டையா, மங்கையிடம் என்ன சொல்வேன். கீழே ஓடுகிற கோட்டில் அங்கே ஒரு தட்டு இங்கே ஒரு தட்டு தட்டினார், எங்கேயாவது ஒரு துளி வெளிச்சம், ஐயர் தலையாவது, வாழைமரமாவது தெரியுமா என்று. தட்டின ஓரிடத்தில் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி, ஒரு நிமிஷம்" என்று மங்கையர்க்கரசி சொன்னாள். அவர் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். அங்கே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. காதுக்குள் இருந்தவள் பேசினாள். "பொண்ணோட அப்பா இப்ப வருவாங்க. அவங்க முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதீங்க தம்பி, தள்ளியே எடுங்க. அழுதிருப்பாங்க. ஸ்டோர் ரூம் பக்கம் போனதைப் பாத்தேன், கண்ணு செவந்திருக்கும். நாளைக்கு வீடியோவில நாலு பேர் பாத்தா அவங்களுக்குக் கூச்சமா போயிடும்." ரிச்சர்டு, "சரிம்மா. ரெண்டு, அப்பா வந்தா வைடுலயே இரு, கிட்டப் போகாத" என்றான். வளையல் சத்தம் விலகிப் போனது.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. தாலி கட்டி முடிந்த மறு நிமிஷம் மேடையை விட்டு நழுவினது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அன்றைக்குக் கெட்டிமேளம் கொட்டும்போது சிந்துஜா தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் எதையோ தேடினாள், தேடி அவரைக் கண்டுபிடித்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போகிற நாளிலும் அப்படித்தான், அப்பாவோடு ஸ்டாண்டுக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து ஜன்னலில் தேடுவாள், அவர் விசில் ஊதுவார், வண்டி கிளம்பும். எத்தனையோ வண்டிக்கு ஊதினவர் அந்த ஒரு வண்டிக்கு ஊதும்போது மட்டும் கொஞ்சம் நீளமாக ஊதுவார். மண்டபத்தில் விசில் ஊதவேண்டிய வேலை அவருக்கு இல்லை, மேளக்காரர்கள் ஊதிவிட்டார்கள். அவர் பாட்டுக்கு நடந்து, பந்தியைக் கடந்து, ஸ்டோர் ரூமில் வாழையிலைக் கட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவரிடம் எங்க போயிட்டீங்க என்று மங்கை கேட்டபோது, பந்தியைப் பாக்கப் போனேன் என்றார். அப்படியா என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, முகத்திலும் ஒன்றும் காட்டவில்லை, கெட்டிக்காரி. அவர் மூலை மேசைக்குப் போய்ச் சம்பந்தியம்மாவைப் போட்டுக் கிழித்துவிட்டு வந்தார், அவள் அதே மேசைக்குப் போய்ப் புருஷன் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறாள். நெஞ்சு நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தார் மனுஷன். தொடர்ந்து ஓடினதில் மறுபடி யாரோ மேசைக்கு வருகிற அரவம், செருப்புச் சத்தம், தொண்டையைச் செருமுகிற ஒரு பெண்குரல். நிறுத்திவிட்டார். இதற்கு மேல் கேட்பது ஒட்டுக்கேட்பது, இதுவரைக்கும் கேட்டதே அப்படித்தான், ஆனால் அது தன் குரலும் தன் பெண்டாட்டி குரலும், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

"ஒயரைப் பிடுங்கிடாத மங்கை" என்று காரணமில்லாமல் ஒரு தரம் சத்தம் போட்டுவிட்டு, கொஞ்சம் நிதானம் வந்தபின்தான் லேப்டாப்பை ஒழுங்காகப் பார்த்தார். பழைய வீடியோ போட்ட இடத்தில் போட்டபடியே இருந்தது. சாஃப்ட்வேர் அதைத் தொடவே இல்லை, கேட்டதை மட்டும் புதிதாக ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறது, கேட்டவன் தலைகீழாகக் கேட்டான், அது என்ன செய்யும். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். மறுபடி மூன்று வரி, மூன்று டிக். இந்த ஊரில் டிக் இருந்தால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம், டிக் இல்லாவிட்டால் போயாச்சு, சரி, உங்கள் ஊர் வழக்கம் அப்படியென்றால் அப்படியே. இரண்டாவது ஆடியோவின் டிக்கை மட்டும் எடுத்தார். எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார், சின்னப்பிள்ளைபோல. பச்சைக் கோடு ஓடியது. திறந்தார், வாழைமரம் தெரிந்தது, ஐயர் வந்தார், நாதசுரம் வந்தது, சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள், அவருக்குக் கண் கலங்கியது. பென் டிரைவில் இருந்த பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். டிவியில் செருகி அந்தப் பொத்தானைத் தேடிப்பிடித்து வேண்டுமென்றே அழுத்தினார். திரையின் ஓரத்தில் ஒரே ஆடியோதான் என்று ஓர் எழுத்து வந்து போனது, தவில் விடாமல் வாசித்தது. எத்தனை தரம் அழுத்தினாலும் தவில்தான். வேறு எதுவும் அழுத்தாமல் அதை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்ததில் என்ன சுகம். லேப்டாப்பில் இருந்த பழைய வீடியோவையும் அழித்தார், குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். தப்பாகச் செய்த அந்த இருட்டு ஃபைலுக்கு வந்தபோது கை நின்றது. அதில் அவருடைய நாக்கும் இருந்தது, மங்கையும் இருந்தாள். என்றைக்காவது கேட்கவேண்டும்போல் இருந்தால் கேட்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. பழைய மின்கட்டணம் எல்லாம் கிடக்கிற ஒரு மூலைக்குள் அதைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

சம்பந்தி வீட்டார் பூவும் பழமுமாக வந்தார்கள். குஞ்சிதபாதம் உட்கார்ந்ததும் ரிமோட்டுக்குத்தான் கை நீட்டினார், தில்லைநாயகம் தாமே எடுத்துத் தங்கத்தட்டில் வைக்காத குறையாகக் கொடுத்தார். அவரும் வஞ்சகமில்லாமல் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார், படம் அகலமானது, ஒடுங்கியது, நாதசுரம் மட்டும் அசையவில்லை. தில்லைநாயகத்துக்குப் போண்டா இத்தனை ருசியாக இருந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் சம்பந்தியம்மா வேதவல்லி போண்டாவைத் தொடவில்லை. திரையைப் பார்த்தார்கள், பார்த்த மாதிரியும் இல்லை. மண்டபம் முழுவதையும் மேலேயிருந்து காட்டுகிற ஓர் இடத்தில், மூலையில் ரிச்சர்டும் அவனுடைய மேசையும் தெரிந்தபோது, புடவைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டார்கள். கைகழுவப் போகிறவர்போல் எழுந்து பின்கட்டுக்குப் போனார்கள். துண்டு எடுத்துக் கொடுக்கப் போன தில்லைநாயகத்திடம், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே, மூக்கால் இல்லை, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்கள். "அண்ணே, அந்த வீடியோக்காரத் தம்பி உக்காந்திருந்துச்சே, அந்த மேசைகிட்ட யாராவது பேசினா, அதெல்லாம் இதுல ஏறுமா?"

இத்தனை நாளில் அந்தம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. கல்யாணத்தன்றுகூடப் பொண்ணோட அப்பா, பொண்ணோட அப்பா என்றுதான். செருப்புச் சத்தமும் தொண்டைச் செருமலும் அவருக்கு அந்த நொடியில் விளங்கின. மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கும் கன்னம் வலித்திருக்கும், சொந்தக்காரர் காது இல்லாத இடம் அவளுக்கும் வேண்டியிருந்திருக்கும். என்ன சொன்னாளோ, யாரைச் சொன்னாளோ, தண்ணிக் காபி ஊற்றிய ஒரு தொண்டைக்காரனைத்தான் சொல்லியிருப்பாள், அவன் சொன்னதைவிட மோசமாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். "ஏறாதும்மா" என்றார். "ஒண்ணுமே ஏறல. நான் முழுசா பாத்துட்டேன், வெறும் மேளம்தான்." "நான் ஒண்ணும் பேசலண்ணே. சும்மாத்தான் கேட்டேன்." "எனக்குத் தெரியாதா?" அந்தம்மா குழாயை மூடினார்கள். துண்டை வாங்கிக் கையோடு முகத்தையும் துடைத்துக்கொண்டு, "சட்னி தக்காளியாமே, சிந்து சொல்லியிருப்பா" என்று கூடத்துக்குப் போனார்கள், போகிற நடையே வேறாக இருந்தது. தில்லைநாயகம் கூடத்துக்குப் போகவில்லை. உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்தார், மலைமேல் தலைமுடி பறந்தது. மின்கட்டணங்களுக்கு நடுவில் அந்த இருட்டு ஃபைல் இருந்தது. ஒரே ஒரு தரம், வளையல் சத்தம் வருகிற அந்த இடத்தை மட்டும், என்று கை ஹெட்போனுக்குப் போனது. அந்த இடத்துக்குப் போனால் அதற்கடுத்த இடமும் காதில் விழும், அவர் காது எப்படிப்பட்டதென்று அவருக்கே தெரியும். ஹெட்போனை மாட்டாமலேயே அழித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றார். மங்கையும் அதோடு போனாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தபோது திரையில் தாலி கட்டியாகிவிட்டது, அட்சதை விழுந்துகொண்டிருந்தது. வேதவல்லி ஒரு போண்டாவை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்திருந்தார்கள். குஞ்சிதபாதம் ரிமோட்டால் திரையைச் சுட்டி, "சம்பந்தி, எல்லாரும் மேடையில நிக்கிறாங்க, உங்களை மட்டும் காணோமே, எங்க போயிட்டீங்க?" என்று கேட்டார். தில்லைநாயகம் வாயைத் திறப்பதற்குள் மங்கையர்க்கரசி முந்திக்கொண்டாள். "பந்தியைப் பாக்கப் போயிருந்தாங்க சம்பந்தி. சாம்பார் பத்தலன்னு யாரோ வந்து சொன்னாங்க, அதுக்குத்தான் ஓடினாங்க." சாம்பார் விஷயத்தை அவர் சொன்னதே இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. "ஆமா, சாம்பார்" என்றார் அவர். அவள் அவர் பக்கம் திரும்பாமல், தட்டில் இருந்த கடைசிப் போண்டாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.